தொலைபேசி யார் கையில்?

(செவிலியர் வார விழாவில் ஓய்வுபெற்ற அரசு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



'பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவமனைகளின் ஒருங்கிணைப்பு' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நீளமான தலைப்பு. அதை மூன்று சொற்களாகச் சுருக்கிக்கொள்ள உங்கள் அனுமதியைக் கேட்கிறேன். தொலைபேசி யார் கையில்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இன்று பேசப்போகிறேன்.

2021 மே மாதத்துக்குப் போவோம். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறதே, பெரிய ஆஸ்பத்திரி. ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை என்பது காகிதத்தில் உள்ள பெயர். மக்கள் வாயில் அது என்றும் ஜி.எச்.தான். அந்த வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு நோயாளி. வண்டியில் இருக்கும் சிலிண்டர்தான் அவருக்கு மூச்சு.

வண்டியின் பின்கதவைப் பிடித்தபடி ஒரு மகன் நிற்கிறான். காதில் கைபேசி. யாரை அழைக்கிறான்? தெரிந்தவரை அழைக்கிறான். தெரிந்தவருக்குத் தெரிந்தவரை அழைக்கிறான். கட்சிக்காரர் ஒருவரின் எண்ணை அழைக்கிறான். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய, தனக்கு முன்னால் ஆயிரம் பேர் அழைத்து ஓய்ந்துவிட்ட எண்ணை அழைக்கிறான். அப்பா மூச்சுக்குத் திணறுகிறார். மகன் ஒரு பெருநகரத்தின் படுக்கைக் கணக்கை ஒற்றை ஆளாகத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறான். முடியுமா? ஒரு அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை அது. அன்றைக்கு அந்த வேலை அவன் தலையில் விழுந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்த மாதத்தில் பல இரவுகள் உண்மையிலேயே எங்கேயும் இடம் இல்லை. 2021 மே 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த வெள்ளத்துக்கு எந்த ஒருங்கிணைப்பும் முழு அணையாக நின்றிருக்காது. இடமே இல்லாமல் இறந்தவர்கள் உண்டு. இடம் இருந்தும், அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இறந்தவர்களும் உண்டு. முதல் துயரத்துக்குக் கட்டடம் வேண்டும், பணம் வேண்டும், ஆண்டுகள் வேண்டும். இரண்டாவது துயரத்துக்கு? அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

நான் அப்போது ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். ஓர் இரவு, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரைக் கொண்டுவந்தார்கள். விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவு 82 என்று காட்டியது. எங்களிடம் இருந்த ஆக்சிஜனை வைத்தோம். 88 வரை ஏறி நின்றுவிட்டது. அவரை மேலே அனுப்பியே ஆக வேண்டும். என்னிடம் சிவப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. அதில் 11 எண்கள். பக்கத்து மாவட்டங்களின் டூட்டி டாக்டர்கள், கண்காணிப்பாளர்கள், தெரிந்த தனியார் ஆஸ்பத்திரிக்காரர்கள். ஒவ்வொன்றாக அழைத்தேன். 'இடம் இல்ல சார்.' 'இருக்கிற கேஸுக்கே ஆக்சிஜன் பத்தல சார்.' 'காலையில பேசுங்க.' மணி அடித்து அடித்து நின்ற எண்கள் மூன்று.

பதினோராவது எண் என்னோடு கல்லூரியில் படித்தவன். 'அனுப்புடா, பாத்துக்கலாம்' என்றான். அனுப்பினேன். அந்த மனிதர் பிழைத்தார்.

எவ்வளவு சந்தோஷம்! அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து யோசித்தபோது நெஞ்சு கனத்தது. அவர் எதனால் பிழைத்தார்? அவருடைய டாக்டருக்கு அங்கே ஒரு சிநேகிதன் இருந்ததால் பிழைத்தார். எனக்கு அடுத்த ஊரில் புதிதாக வேலைக்கு வந்த ஒரு இளம் பெண் டாக்டர், ஆறு மாத அனுபவம், யாரையும் தெரியாது. அவரிடம் வந்த நோயாளிக்கு என்ன கதி? நான் வாங்கிக் கொடுத்த படுக்கை, நோயின் கடுமையைப் பார்த்து யாரும் கொடுத்தது கிடையாது. என் நட்பைப் பார்த்துக் கொடுத்தது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இது மருத்துவம் நடக்க வேண்டிய முறை இல்லை.

தொலைபேசி மகன் கையில் இருந்தால் கொடுமை. ஆம்புலன்ஸ் டிரைவர் கையில் இருந்தாலும் கொடுமைதான். தாலுகா டாக்டர் கையில் இருந்தால், சற்றே குறைந்த கொடுமை. அப்படியானால் அது யார் கையில் இருக்க வேண்டும்?

இத்தாலிக்கு வாருங்கள். வடக்கே லொம்பார்டி என்றொரு மாநிலம். ஒரு கோடி மக்கள். மிலான் அதன் தலைநகர். 2020 பிப்ரவரி 20ஆம் தேதி, கோதோன்யோ என்ற சிற்றூர் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி. நல்ல உடல்கட்டு உள்ளவர்; நிமோனியா, எந்த மருந்துக்கும் மசியவில்லை. அன்றைய விதிப்படி, சீனாவோடு தொடர்பு இருந்தால்தான் கொரோனா சோதனை. அன்னலிசா மலாரா என்ற மயக்கவியல் மருத்துவர் விதியைத் தாண்டிச் சோதனைக்கு அனுப்பினார். அன்றிரவே முடிவு வந்தது: தொற்று.

மறுநாளே அந்த மாநிலத்தின் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் ஒன்றுகூடினார்கள். மிலான் பாலிகிளினிகோ மருத்துவமனையின் அந்தோனியோ பெசென்டி போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். அவர்கள் முன்னால் இருந்த கணக்கு என்ன? மாநிலம் முழுக்க 74 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 720 தீவிர சிகிச்சைப் படுக்கைகள். குளிர்காலத்தில் அவற்றில் 85 முதல் 90 சதவீதம் எப்போதும் நிரம்பியே இருக்கும். ஒரு கோடி மக்களுக்குக் கையில் மிச்சம் ஏறத்தாழ நூறு படுக்கைதான்.

ஒவ்வொரு மருத்துவமனையும் தன் வாசலைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர்கள் விட்டிருக்கலாம். விடவில்லை. 15 மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுத்து, கொரோனா நோயாளிகளை முதலில் இங்கேதான் சேர்ப்போம் என்று முடிவு செய்தார்கள். 48 மணி நேரத்துக்குள் 130 படுக்கைகள் ஒதுக்கப்பட்டன. மார்ச் 7ஆம் தேதிக்குள் 55 மருத்துவமனைகளில் 482 படுக்கைகள். இருந்த 720இல் பாதிக்கும் மேல்! இரண்டே வாரத்தில்! எந்தப் படுக்கைக்கு எந்த நோயாளி என்று ஒருங்கிணைப்பாளர்கள் பார்த்தார்கள்; ஒவ்வொரு மருத்துவமனையும் ஊர் ஊராக அலைந்து கேட்க வேண்டியிருக்கவில்லை.

எப்படி முடிந்தது இது? திறமை என்று சொல்லிக் கடந்துபோகக் கூடாது. 2009இல் பன்றிக் காய்ச்சல் வந்ததே, அப்போது நுரையீரல் செயலிழந்தவர்களைத் தேர்ந்த சில மையங்களில் சேர்த்து, நுரையீரலின் வேலையைச் செய்யும் எக்மோ கருவியில் வைப்பதற்காக இத்தாலியில் ஒரு வலையமைப்பை உருவாக்கியிருந்தார்கள். ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம், நள்ளிரவில் ஒருவர் சொல்வதை மற்றவர் நம்பும் பழக்கம், பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தது. 2020 பிப்ரவரியில் அவர்கள் பழைய நூலைத்தான் மீண்டும் எடுத்துத் திரித்தார்கள்.

அப்படியும் என்ன நடந்தது? பெர்காமோ நகரிலிருந்து சவப்பெட்டிகளை ராணுவ லாரிகளில் ஏற்றிக்கொண்டு போன அந்த மார்ச் 18ஆம் தேதி இரவை உலகம் மறக்காது. லொம்பார்டி நிரம்பி வழிந்தது. பிஸ்தோயா என்ற ஊரில் இருந்த தேசிய ஒருங்கிணைப்பு மையம் வழியாக நோயாளிகளை மற்ற மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். மார்ச் கடைசி வாரத்தில் பெர்காமோ நோயாளிகள் சிலர் விமானத்தில் ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கே போனார்கள். எல்லை தாண்டி ஒரு நாடு இன்னொரு நாட்டின் நோயாளிக்குக் கட்டில் போட்டது.

லொம்பார்டியின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மை பேசியவன் ஆகமாட்டேன். மார்ச் 8ஆம் தேதி, ஆஸ்பத்திரிகளில் இடம் உண்டாக்க, குணமாகிவரும் கொரோனா நோயாளிகளைத் தங்கவைக்க முதியோர் இல்லங்களிடம் இடம் கேட்டு மாநில அரசு தீர்மானம் போட்டது. தனிக் கட்டடம் இருக்க வேண்டும், தனிப் பணியாளர்கள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை காகிதத்தில் இருந்தது. அந்த வசந்தத்தில் லொம்பார்டியின் முதியோர் இல்லங்களில் விழுந்த உயிர்கள் ஏராளம். அந்தத் தீர்மானத்தின் மேல் பெரும் கண்டனம் எழுந்தது. நோயாளியை எங்கிருந்து எடுக்கிறோம் என்று பார்த்தால் போதுமா? கொண்டுபோய் வைக்கும் இடத்தில் ஏற்கெனவே யார் படுத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டாமா? ஒருங்கிணைப்பு ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிட்டால் இப்படித்தான் ஆகும்.

இனி நம் ஊர்ப் பக்கம் திரும்புவோம். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. செவிலியர் பயிற்சி மாணவிகளே, கவனமாகக் கேளுங்கள், இது உங்களுக்கானது.

படுக்கை என்றால் என்ன? கட்டிலா? மெத்தையா? கணினித் திரையில் 'காலி படுக்கை 6' என்று பச்சையில் எரியும். ஆனால் அந்த ஆறாவது கட்டில் குழாய் வரிசையின் கடைக்கோடியில் இருக்கும். அங்கே ஆக்சிஜன் அழுத்தம் எட்டாது. ஐந்தாவது கட்டிலுக்கு அழுத்தம் உண்டு, பார்க்க நர்ஸ் இல்லை. நான்காவது கட்டிலுக்கு எல்லாம் உண்டு, கழிப்பறை நூறடி தள்ளி. மூச்சு வாங்கும் மனிதர் எழுந்து நடந்தால் வழியிலேயே விழுவார். கட்டில், ஆக்சிஜன், செவிலியர், கழிப்பறை. இந்த நான்கும் சேர்ந்தால்தான் அது ஒரு படுக்கை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் திரையில் எரியும் பச்சை பொய்.

ஆக்சிஜன் உள்ள படுக்கை என்பதும் ஒரே மாதிரி இல்லை. பெரிய சிலிண்டர் இருக்கிறதே, டி டைப், அதில் ஏறத்தாழ 7,000 லிட்டர் வாயு அடைத்திருக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் எடுக்கும் நோயாளிக்கு அது கிட்டத்தட்ட ஒரு நாள் வரும். மூக்கு வழியாக வேகமாகச் செலுத்தும் கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் இழுக்கும் நோயாளிக்கு? இரண்டு மணி நேரம் முழுதாகத் தாங்காது. திரையில் இருவரும் ஒவ்வொரு படுக்கைதான். ஆக்சிஜன் கணக்கில் இவர் ஒருவர், அவர் பன்னிரண்டு பேர். ஒரு ஆஸ்பத்திரிக்கு நோயாளியை அனுப்பும் முடிவும் அந்த ஆஸ்பத்திரிக்கு டேங்கரை அனுப்பும் முடிவும் இரண்டு தனித்தனி மேசைகளில் நடந்தால், நோயாளி ஒரு பக்கம் போவார், ஆக்சிஜன் இன்னொரு பக்கம் போகும்.

2021 ஏப்ரல் நடுவில் மும்பையில் ஒரு நள்ளிரவு. மாநகராட்சியின் ஆறு மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வருகிறது. உள்ளே நோயாளிகள் 168 பேர். டேங்கர் வரும், வரும் என்று காத்திருக்கலாமா? வராவிட்டால்? மாநகராட்சி ஆணையர் இக்பால் சிங் சகல் முடிவெடுத்தார். ஆக்சிஜன் போதுமான அளவில் இருந்த மையங்களுக்கு 168 பேரையும் அந்த இரவே ஆம்புலன்ஸ்களில் மாற்றினார்கள். ஒருவரும் இறக்கவில்லை. மூச்சுக்குப் போராடும் 168 பேர்! ஒரு வார்டிலிருந்து அடுத்த வார்டுக்கு ஒரு நோயாளியை நகர்த்தவே எவ்வளவு பாடு என்று இங்கே இருக்கும் செவிலியர்களுக்குத் தெரியும்.

அந்த இரவு எப்படிச் சாத்தியமானது? எந்த மையத்தில் எத்தனை இடம், எத்தனை மணி நேர ஆக்சிஜன் என்பது அன்றிரவு ஒரே இடத்தில் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவு முந்தைய ஆண்டே கட்டப்பட்டது. 2020இல் முதல் அலையின்போது மும்பையில் சோதனை முடிவு நோயாளிக்கு நேரே போனது. 'பாசிட்டிவ்' என்றதும் பயம். பயந்தவர் படுக்கை தேடி ஓடினார். செல்வாக்கு இருந்தவருக்கு, சளிகூட இல்லாவிட்டாலும், படுக்கை கிடைத்தது. செல்வாக்கு இல்லாதவர் வீட்டில் கிடந்தார். மாநகராட்சி அந்த ஓட்டத்தைத் திருப்பிவிட்டது. ஆய்வகங்கள் முடிவை முதலில் மாநகராட்சிக்குத் தர வேண்டும். மாநகராட்சி அதை 24 வட்டங்களுக்குப் பிரித்து அனுப்பும். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு வார் ரூம். அங்கிருந்து நோயாளிக்கு அழைப்பு போகும்: மூச்சு எப்படி, வீட்டில் தனி அறை உண்டா, படுக்கை வேண்டுமா, வண்டி அனுப்பவா?

கவனித்தீர்களா? தொலைபேசி கை மாறிவிட்டது. நோயாளி அழைத்துக்கொண்டிருந்தார், இப்போது நோயாளிக்கு அழைப்பு வருகிறது. நான் அறிந்தவரை இதுதான் முழு ஒருங்கிணைப்பின் உயிர்முடிச்சு. 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம், மும்பை செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று தில்லிக்குச் சொன்னது.

தமிழ்நாட்டில் அதே மே மாதம் என்ன செய்தார்கள்? சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஒருங்கிணைந்த கட்டளை மையம் இயங்கத் தொடங்கியது. தேசிய நல்வாழ்வுக் குழுமத்தின் இயக்குநராக இருந்த தாரேஸ் அகமது அதை நடத்தினார், ஐ.ஏ.எஸ். ஆவதற்கு முன் அவரும் மருத்துவம் படித்தவர். 104 என்ற எண். கொரோனாவுக்கு முன்பே மருத்துவ ஆலோசனைக்காக இருந்த எண்தான். ட்விட்டரிலும் படுக்கை கேட்கலாம் என்றார்கள். மே 14ஆம் தேதி இரவு முதலமைச்சர் ஸ்டாலின் அந்த மையத்துக்குப் போய், படுக்கை கேட்டு அழைத்த ஒரு பெண்ணிடம் தானே பேசினார். அந்தப் படத்தை எல்லோரும் பார்த்தோம்.

முதலமைச்சர் எடுத்த அந்த ஒரு அழைப்பைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அவருக்கு இரண்டு பக்கமும் வரிசையாக உட்கார்ந்து, இரவு பகலாக ஆயிரக்கணக்கான அழைப்புகளை எடுத்த இளைஞர்களைப் பற்றிப் பேசுவதில்லை. 'அம்மா, பதற்றப்படாதீங்க, ஆக்சிஜன் அளவு எவ்வளவு காட்டுது, படிச்சுச் சொல்லுங்க' என்று மறுமுனையில் அழும் பெண்ணை நிதானப்படுத்தி, எண்ணைக் குறித்துக்கொண்டு, யார் முதலில், யார் அடுத்து என்று பிரித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். சில அழைப்புகளில், திருப்பிக் கூப்பிட்டபோது, 'இனி வேண்டாம்பா' என்ற பதிலைக் கேட்டவர்களும் அவர்கள்தான். அந்தப் பிள்ளைகளுக்கு இந்த மேடையிலிருந்து என் வணக்கம்.

ஆக்சிஜனும் அதே போல ஒரு கைக்குள் வர வேண்டியிருந்தது. மே மாதம் தமிழ்நாட்டுக்கான ஒதுக்கீடு நாளொன்றுக்கு 419 டன்னாக உயர்த்தப்பட்டது. தண்டையார்பேட்டைக்கு மேற்கு வங்கத்தின் துர்காபூரிலிருந்து ஆக்சிஜன் ரயில் வந்தது. தூத்துக்குடியில் மூடிக்கிடந்த தாமிர ஆலையில் ஆக்சிஜன் மட்டும் தயாரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினுக்காக இஸ்ரோ வைத்திருந்த திரவ ஆக்சிஜன் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. ராக்கெட்டுக்கு வைத்திருந்ததை மனிதன் மூச்சுக்குத் திருப்பிய நாட்கள் அவை. திரவமாக ஒரு லிட்டர் வந்தால், வாயுவாக ஏறத்தாழ 860 லிட்டர். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே 183 டிகிரியில் இருக்கும் அந்தத் திரவத்தை வாங்கி வைக்கும் தொட்டி எல்லா ஆஸ்பத்திரியிலும் உண்டா? என் தாலுகா ஆஸ்பத்திரியில் கிடையாது. எங்களுக்குச் சிலிண்டர்தான், அதை நிரப்ப ஊர் விட்டு ஊர் போகும் மினி லாரிதான்.

சென்னையில் மற்றொரு காரியமும் நடந்தது. அது எனக்கு மிகவும் பிடித்தது. ஜி.எச். வளாகத்துக்குள் 'ஜீரோ டிலே வார்டு' என்று ஒன்றைத் திறந்தார்கள். ஆம்புலன்ஸில் காத்திருப்பவரை உடனே இறக்கி, ஆக்சிஜன் வைத்து, யாருக்குப் பெரிய வார்டு வேண்டும், யார் வேறு இடத்துக்குப் போகலாம் என்று அங்கே பிரித்தார்கள். மாநகராட்சி கார் ஆம்புலன்ஸ்களை விட்டது. லேசான அறிகுறி உள்ளவரைப் பரிசோதனை மையத்துக்குக் கொண்டுபோகப் பெரிய ஆம்புலன்ஸ் எதற்கு? ஒரு காரே போதும். ஆம்புலன்ஸ் கடும் நோயாளிக்கு மிஞ்சியது.

இந்த இடத்தில் நம் மக்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். ஏன் எல்லோரும் ஜி.எச். வாசலுக்கே வந்தார்கள்? திருவள்ளூரிலிருந்து, காஞ்சிபுரத்திலிருந்து, செங்கல்பட்டிலிருந்து? பாட்டன் காலத்திலிருந்து 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா பொழச்சுக்கலாம்' என்ற நம்பிக்கை. தாலுகா ஆஸ்பத்திரியில் நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்: 'டாக்டர், நேரா ஜி.எச்.சுக்கு எழுதிக் குடுத்துடுங்க.' எங்களிடம் இருக்கும் படுக்கை அவருக்குப் போதும் என்றாலும் இருக்க மாட்டார். 'இங்க என்ன சார் இருக்கு?' என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் முழு பதில் இல்லாமல் போனதும் உண்மை. சிறிய ஆஸ்பத்திரியைப் பல ஆண்டுகள் சும்மா விட்டுவிட்டு, பெருந்தொற்று வந்த அன்று மட்டும் 'அங்கேயே இருங்கள்' என்று சொன்னால் மக்கள் எப்படிக் கேட்பார்கள்? அவர்கள் நம்பாததற்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மகாராஷ்டிரத்தின் வடமேற்குக் கோடியில் நந்துர்பார் என்று ஒரு மாவட்டம். பழங்குடி மக்கள் அதிகம் வாழும் மலைப்பகுதி. அங்கே அப்போது கலெக்டராக இருந்தவர் ராஜேந்திர பாருட். அவரும் டாக்டர், அந்த மண்ணின் பில் பழங்குடியில் பிறந்தவர். முதல் அலையிலேயே, நாடு இரண்டாவது அலையைக் கற்பனை செய்யாத நாளிலேயே, மாவட்டத்துக்குள் ஆக்சிஜன் உற்பத்தி நிலையம் அமைத்தார். 2021 ஏப்ரலில் பெருநகரங்கள் தவித்தபோது அந்தப் பின்தங்கிய மாவட்டம் மூச்சுவிட்டது. அங்கே 'ஆக்சிஜன் நர்ஸ்' என்றே ஒரு பொறுப்பை வைத்தார்கள். அவருக்கு வேலை ஒன்றுதான். படுக்கை படுக்கையாகப் போய், யாருக்கு எவ்வளவு ஓடுகிறது, சாப்பிடும்போது கழற்றிவைத்த முகமூடியில் வாயு வீணாகிறதா, தேறியவருக்கு அளவைக் குறைக்கலாமா என்று பார்ப்பது. சொன்னேனே, ஒருவர் பன்னிரண்டு பேரின் ஆக்சிஜனை இழுப்பார் என்று? ஓர் இடத்தில் ஒரு நர்ஸ் திருகியைச் சரியாகக் குறைத்தால், வேறோர் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு அது மூச்சு. மாணவிகளே, ஒருங்கிணைப்பு என்பது தேனாம்பேட்டையில் மட்டும் நடப்பதாக நினைத்துவிடாதீர்கள்.

தனியார் ஆஸ்பத்திரிகள்? அதைக் கேட்காமல் நீங்கள் என்னை மேடையிலிருந்து இறங்க விடமாட்டீர்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 பிப்ரவரி கடைசியில், கிர்க்லாண்ட் என்ற ஊரின் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் தொற்று புகுந்தது. பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரி மீது முதியவர்கள் பலரும் வந்து விழுந்தார்கள். அங்கே மருத்துவம் பெரும்பாலும் போட்டித் தொழில். அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளே ஒன்று சேர்ந்து, சியாட்டில் ஹார்பர்வியூ மருத்துவமனையில் ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை வைத்தன. மாநிலத்தின் எந்தச் சிற்றூர் டாக்டரும் ஒரே எண்ணை அழைத்தால் போதும் என்றானது. எந்த ஆஸ்பத்திரியின் முறையோ அது நோயாளியை ஏற்றது. காப்பீடு உண்டா என்ற கேள்வி முதலில் வரவில்லை. போட்டியாளர்களே முறை வைத்துக்கொள்ள முடியும் என்றால், நம்மால் முடியாதா?

முடியும் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்? நாம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறோம். 2008இல் தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிரும் அரசுத் திட்டம் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரியும் தனியார் ஆஸ்பத்திரியும் ஒரே காத்திருப்புப் பட்டியலுக்குக் கட்டுப்படுகின்றன. நள்ளிரவில் ஒரு சிறுநீரகம் கிடைத்தால் யாருக்கு என்று முடிவு செய்ய ஓர் அலுவலகம் உண்டு, ஒரு வரிசை உண்டு, போலீஸ் வழி விடுகிறது, ஆம்புலன்ஸ் பறக்கிறது. ஒரு உறுப்புக்கு இந்த முறையைக் கட்ட நம்மால் முடிந்தது. மூச்சுத் திணறும் ஒரு மனிதனுக்கும் அதே போல ஒரு வரிசை, ஒரு முறை, ஓர் அலுவலகம் நிரந்தரமாக வேண்டும் என்று கேட்கிறேன்.

நிரந்தரமாக என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். தொற்று வந்தபின் திறந்து, தொற்று போனபின் மூடும் வார் ரூம் போதாது. டெங்கு வரும் ஐப்பசி மாதத்தில் அது இயங்கட்டும். பேருந்து கவிழ்ந்து நாற்பது பேர் ஒரே நேரத்தில் வரும் நாளில் இயங்கட்டும். புயலில் மின்சாரம் போன கடலோர ஆஸ்பத்திரியிலிருந்து பிரசவத் தாய்மாரை மாற்றும் இரவில் இயங்கட்டும். தாலுகா ஆஸ்பத்திரியின் டூட்டி நர்ஸ் அந்த எண்ணை மாதம் இரண்டு முறையாவது அழைத்துப் பழகியிருக்க வேண்டும். மறுமுனையில் இருப்பவருக்கு, 'இடம் இல்லை' என்று சொல்லும் கண்காணிப்பாளரிடம், 'இந்த நோயாளி உங்களிடம்தான் வருகிறார்' என்று சொல்லும் அதிகாரம் எழுத்தில் இருக்க வேண்டும். தேறியவரைத் திரும்பக் கீழே, அவர் ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வழியும் அதே மேசையில் இருக்க வேண்டும். மேலே ஏற்ற மட்டும் வழி இருந்து, இறக்க வழி இல்லாவிட்டால், ஜி.எச். வாசலில் வரிசை மீண்டும் நிற்கும்.

நண்பர்களே, நேரம் ஆகிவிட்டது. ஒரே ஒரு செய்தியைச் சொல்லி அமர்கிறேன்.

அந்தச் சிவப்பு அட்டை நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்று காலை, இங்கே கிளம்புவதற்கு முன், அந்த 11 எண்களையும் வரிசையாக அழைத்துப் பார்த்தேன். 5 எண்கள் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னது. 2 எண்களில் வேறு யாரோ எடுத்தார்கள். ஒருவர் மளிகைக் கடைக்காரர், 'ராங் நம்பர் சார்' என்று பணிவாகச் சொன்னார். ஓர் எண்ணில் அந்த டாக்டரின் மனைவி பேசினார். டாக்டர் 2021 ஜூன் மாதமே போய்விட்டார் என்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. 2 பேர் இன்னும் அதே பதவியில் இருக்கிறார்கள்.

பதினோராவது எண்ணை அழைத்தேன். என் வகுப்புத் தோழன். பணி ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இப்போது அவன் கையில் வார்டும் இல்லை, படுக்கையும் இல்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்தான். என் பெயரைப் பார்த்திருப்பான் போலிருக்கிறது. 'சொல்லுடா' என்றான். 'கேஸ் ஏதாவது அனுப்பணுமா?'